நீமோவின் கோபம் எங்கே போனது?

"கேப்டன் நீமோவா நம்ம நசீருதீன் ஷாவே நடிச்சிருக்காரு. அப்புறம் என்ன சார் குறை உங்களுக்கு?" என்று கேட்டார் அலுவலக நண்பர். 'தி லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்' படத்தைப் பற்றித்தான் பேச்சு. 2003இல் வந்த படம். பழைய ஆங்கில, பிரெஞ்சு நாவல்களின் நாயகர்களை ஒரே அணியில் சேர்த்து ஆலன் மூர் எழுதி, கெவின் ஓநீல் வரைந்த காமிக்ஸிலிருந்து எடுத்தது. நீமோ, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் படைத்தவர்; நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர், புந்தேல்கண்டைச் சேர்ந்த இந்திய இளவரசர். நண்பர் அதை அண்மையில்தான் பார்த்திருக்கிறார், ரசித்துமிருக்கிறார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. ஒரு வெள்ளைக்கார நடிகருக்குக் கறுப்புச் சாயம் பூசி இந்திய இளவரசனாக நிறுத்திய காலத்தை ஹாலிவுட் பார்த்திருக்கிறது. 1916இல் வந்த ஊமைப்படத்தில் நீமோ அப்படித்தான் வந்தார். 1954இல் டிஸ்னி எடுத்த படத்தில் ஜேம்ஸ் மேசன் நடித்தபோது நீமோவின் இந்தியத் தொடர்பையே விட்டுவிட்டார்கள். அந்த வரிசையில் நசீர் தலைப்பாகையும் நீல உடையுமாக வந்து நின்றதைப் பார்த்து எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனாலும் அந்தப் படத்தை எப்போது நினைத்தாலும் உள்ளே ஏதோ உறுத்தும். அது என்ன என்று நண்பருக்கு அன்று சரியாகச் சொல்ல வரவில்லை. இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்ல நினைத்த பதில்.

முதலில் படத்துக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். நசீரின் நடை எனக்கு மிகவும் பிடிக்கும். மற்றவர்கள் எல்லாரும் வசனத்தால் இடத்தைப் பிடிக்கப் பார்க்கும்போது இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதிலேயே இது யாருடைய கப்பல் என்று தெரிந்துவிடும். அந்த நாட்டிலஸும் அழகு. வெர்ன் எழுதிய நாட்டிலஸ் எழுபது மீட்டர் நீளமுள்ள இரும்புச் சுருட்டு. காமிக்ஸில் ஓநீல் அதை ஒரு ராட்சதக் கணவாயாக வரைந்தார். படத்தில் அது வெள்ளி வேலைப்பாடு செய்த நீண்ட வாள்; அலைகளைக் கிழித்துக்கொண்டு எழும்பும் முதல் காட்சியில் யாருக்கும் வாய் பிளக்கும். பிறகு அதே கப்பலை வெனிஸ் கால்வாய்களுக்குள் ஓட்டுகிறார்கள். அங்குள்ள பெரிய கால்வாயே சராசரி ஐந்து மீட்டர் ஆழம்தான் என்று பலரும் கேலி செய்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆக்‌ஷன் படத்தில் கப்பல் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். மாலுமி எதற்காகப் போகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

அதுதான் படத்தில் இல்லை. ஆண்டு 1899. முகமூடி போட்ட ஒருவன் ஐரோப்பிய நாடுகளை மோதவிட்டு ஆயுத வியாபாரம் செய்யப் பார்க்கிறான். பிரிட்டிஷ் அரசின் பெயரால் 'எம்' என்பவர் அழைப்பு விடுக்கிறார். நீமோ வருகிறார். கப்பலைக் கொடுக்கிறார், தான் கண்டுபிடித்த மோட்டார் காரைக் கொடுக்கிறார், தன் ஆட்களைக் கொடுக்கிறார். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு, எல்லாவற்றையும் இழந்து, நிலத்தில் காலே வைக்க மாட்டேன் என்று கடலுக்குள் போன மனிதர் அவர். லண்டனில் கூட்டம் என்றதும் எப்படி வந்து உட்கார்ந்தார்? உலகப் போரைத் தடுக்க வேண்டும் என்ற பொதுவான காரணத்தைத் தாண்டி அவருக்கென்று ஒரு காரணத்தைப் படம் தேடவில்லை. அவருடைய அறையில் காளியை வணங்குவதைக் காட்டி, இவர் மரணத்தை வணங்குபவர், நம்பலாமா என்று ஒரு சந்தேகத்தை மட்டும் கிளப்புகிறது. ஆங்கிலேயர் இவரை நம்பலாமா என்று கேட்கும் படம், இவர் ஆங்கிலேயரை எப்படி நம்பினார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஒருவேளை இதெல்லாம் சொல்ல நேரம் இருந்திருக்காது, சண்டைப் படம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் அதே படம் இன்னொருவருக்கு அந்த நேரத்தை ஒதுக்கியிருக்கிறது. ஷான் கானரி நடித்த ஆலன் குவாட்டர்மெய்ன், கென்யாவில் ஓய்வில் இருக்கும் வேட்டைக்காரர். பேரரசுக்கு ஆபத்து என்று அழைக்க வரும் இளைஞனிடம், பேரரசு எப்போதுமே ஏதாவது ஓர் ஆபத்தில்தான் இருக்கும் என்று அலுத்துக்கொள்கிறார். பிறகு ஓரிடத்தில், மகன் தன் கைகளிலேயே இறந்ததையும் அதோடு இங்கிலாந்தையும் பேரரசையும் கைகழுவியதையும் சொல்கிறார். படத்தில் மனதில் நிற்கும் இடம் அதுதான். அடுத்து அவர் தூக்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கனம் வந்துவிடுகிறது. பேரரசின் மேல் ஒரு மனிதனுக்கு வரும் கசப்பை எப்படிக் காட்டுவது என்று அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்தக் கசப்பை ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்கள். புந்தேல்கண்ட் இளவரசருக்குக் கொடுக்கவில்லை. என்னை உறுத்தியது இதுதான் என்று பிடிபட எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

மன்னார் கடலில்

நீமோவின் கோபம் எவ்வளவு பழையது என்று பார்க்க வெர்னிடமே போக வேண்டும். 1870இல் புத்தகமாக முடிந்த கடலடிப் பயண நாவலில் நீமோ எந்த நாட்டுக்காரர் என்று கடைசி வரை தெரியாது. வெர்ன் முதலில் நினைத்தது அவரை ஒரு போலந்துக்காரராக வைப்பது. 1863 போலந்துக் கிளர்ச்சியை ரஷ்யா நசுக்கியபோது குடும்பத்தை இழந்தவர், அதனால் ரஷ்யக் கப்பல்களை மூழ்கடிக்கிறார் என்பது திட்டம். பதிப்பாளர் ஹெட்சல் ஒத்துக்கொள்ளவில்லை. ரஷ்யாவைப் பகைத்துக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. புத்தகம் அங்கேயும் விற்க வேண்டும். வெர்ன் சண்டை போட்டுப் பார்த்தார், கடைசியில் நாட்டையே நீக்கிவிட்டார். நீமோவின் கோபத்தில் கை வைத்த முதல் ஆள் ஹெட்சல்தான்.

நாட்டின் பெயரைத்தான் நீக்க முடிந்தது. அந்த நாவலில் நீமோவின் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள்: போலந்தின் கோஸ்கியூஸ்கோ, கிரேக்கத்தின் போட்சாரிஸ், அயர்லாந்தின் ஓகானல், வெனிஸின் மானின், அமெரிக்காவின் வாஷிங்டன், லிங்கன், கடைசியாக அடிமை முறையை எதிர்த்துத் தூக்கில் தொங்கிய ஜான் பிரவுன். எல்லாம் விடுதலைக்காரர்கள். ஒரு கப்பல் தலைவனின் அறையில் கடல் வரைபடம் இருக்கும், திசைகாட்டி இருக்கும். இவர் தூங்கி எழும்போது இந்த முகங்களைப் பார்க்கிறார்.

அதைவிட எனக்கு நெருக்கமான இடம் மன்னார் வளைகுடா அத்தியாயம். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது சுருக்கப் பதிப்பு. அதில் இந்த இடம் ஒரு பத்தியில் ஓடிவிட்டது. முழு நாவலைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இலங்கைக்குப் பக்கத்தில், முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்புப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, நீமோ தன் விருந்தாளிகளைக் கடலடிக்கு நடத்திச் செல்கிறார். அப்போது மேலே ஒரு படகு. தனி ஆளாக ஒரு முத்துக்குளிப்பவர், கல்லைக் கால்களுக்கு இடையில் பற்றிக்கொண்டு கயிற்றோடு இறங்குகிறார், கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் போடுகிறார், மூச்சு முட்ட மேலே போகிறார், மறுபடி இறங்குகிறார். கீழே பாறை மறைவில் மனிதர்கள் நின்று பார்ப்பது அவருக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப இறங்கும் அந்த உழைப்பை வெர்ன் பொறுமையாக எழுதுகிறார். அத்தனை சிப்பிகளில் எத்தனையில் முத்து இருக்கப்போகிறது என்றும் கேட்கிறார். திடீரென்று ஒரு சுறா. வாலடி பட்டு அந்த மனிதர் தரையில் விழுகிறார். மற்றவர்கள் உறைந்து நிற்க, நீமோ கத்தியை உருவிக்கொண்டு நேராக அதை நோக்கி நடக்கிறார். தண்ணீரெல்லாம் ரத்தம். நீமோவே கீழே விழுந்து சுறாவின் வாய்க்கு இரையாகப் போகும் நேரத்தில், விருந்தாளிகளில் ஒருவரான நெட் லேண்ட் எறிந்த ஈட்டி அதன் இதயத்தில் பாய்கிறது.

பிறகு நீமோ அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு மேலே போய்ப் படகில் போட்டு, உடம்பைத் தேய்த்து மூச்சு வரவைக்கிறார். அவர் கண் திறந்தால் எதிரே செம்புத் தலைகளோடு நான்கு பூதங்கள். நீமோ தன் உடையிலிருந்து ஒரு முத்துப் பையை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார். கப்பலுக்குத் திரும்பியதும் பேராசிரியர் அரோனக்ஸ் கேட்கிறார், மனித குலத்தை வெறுத்து ஓடிவந்த உங்களுக்குள் இவ்வளவு இரக்கமா என்று. நீமோ குரல் தழுதழுக்கச் சொல்லும் பதில் இது: அந்த இந்தியன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டுக் குடிமகன், நானும் அந்த நாட்டவன்தான், என் கடைசி மூச்சு வரை அந்த நாட்டவனாகவே இருப்பேன்.

அன்று இலங்கையின் முத்துக்குளிப்பு பிரிட்டிஷ் அரசின் ஏகபோகம். அந்தக் கடலில் மூழ்கி எழுந்தவர்கள் யார் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். உலகப் புகழ் பெற்ற ஒரு பிரெஞ்சு நாவலில் நாயகன் முதன்முறையாகத் தன் மனதைத் திறப்பது அவர்களில் ஒருவருக்காக. இதை நான் வெறும் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த அத்தியாயத்தில் ஓர் ஆக்‌ஷன் படத்துக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது: கத்தி, ரத்தம், கடைசி நொடியில் வரும் ஈட்டி. அதோடு காரணமும் இருக்கிறது. சண்டை முடிந்த பிறகு வரும் அந்த ஒரு பதிலால் முன்னால் நடந்த சண்டை முழுவதும் வேறு சண்டையாக மாறிவிடுகிறது. நம் ஊர் மசாலாப் படத்துக்குக் கதை சொல்பவர்களுக்கும் இது தெரியும்; இடைவேளைக்குப் பிறகு ஃபிளாஷ்பேக் வருவது சும்மா இல்லை.

லண்டனில் மாறிய பத்தி

வெர்ன் தன் கடனை அடைத்தது அடுத்த நாவலில். 1874இலும் 1875இலும் வெளிவந்த மர்மத் தீவுக் கதையின் கடைசிப் பகுதியில், கிழவராகிச் சாகக் கிடக்கும் நீமோ தன் வரலாற்றைச் சொல்கிறார். அவர் இளவரசர் டக்கார். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சுல்தானின் மருமகன் முறை. பத்து வயதில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, முப்பது வயது வரை கலையும் அறிவியலும் படித்தவர். 1857இல் முன்வரிசையில் நின்று இருபது மோதல்களில் பத்து முறை காயம் பட்டவர். கூட இருந்த கடைசி வீரனும் விழுந்த பிறகுதான் பின்வாங்கினார். அவர் தலைக்கு விலை வைத்தார்கள், குடும்பம் அழிந்தது.

வரலாற்றுக் கணக்குப்படி இதில் இடிக்கும் விஷயங்கள் உண்டு. திப்பு இறந்தது 1799இல், ஸ்ரீரங்கப்பட்டணத்தில். அவர் பிள்ளைகளை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள். 1806 வேலூர்க் கிளர்ச்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அந்தக் குடும்பத்துக்கும் வடக்கே புந்தேல்கண்டின் ராஜபுத்திர அரசர்களுக்கும் உறவு ஏது? வெர்னுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை என்று நினைக்கிறேன். பிரெஞ்சு வாசகருக்கு ஆங்கிலேயரை எதிர்த்த இந்தியர் என்றால் உடனே நினைவுக்கு வரும் பெயர் திப்பு. பிரெஞ்சுக்காரர்களின் கூட்டாளியாக இருந்தவர். தெற்கின் போரையும் வடக்கின் கிளர்ச்சியையும் ஒரே ரத்தத்தில் இணைத்துவிட்டார். சரித்திரமாகத் தவறு. நாவலாக எனக்கு அது பிடித்திருக்கிறது. கோபம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு இறங்கி வருகிறது.

அப்புறம் நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்த நாவல் உடனே ஆங்கிலத்துக்குப் போனது. கிங்ஸ்டன் என்பவர் பெயரில் லண்டனில் 1875இல் வந்த மொழிபெயர்ப்பே நூறாண்டுக்கும் மேலாக ஆங்கிலம் படிப்பவர்கள் கையில் அதிகம் புழங்கியது. அதில் டக்காரின் கதை வரும் பத்தியை எடுத்துப் படித்தால் தலை சுற்றும். வெர்ன் பிரெஞ்சில் எழுதியதில் நாட்டை அடிமைப்படுத்தியவர்கள்மேல் தீராத வெறுப்பு இருக்கிறது. ஆங்கிலப் பதிப்பிலோ, ஆங்கிலேயர்தான் இந்திய மக்களை அராஜகத்திலிருந்தும் ஓயாத போரிலிருந்தும் துன்பத்திலிருந்தும் மீட்டு, அமைதியும் செழிப்பும் கொடுத்தவர்கள் என்று இருக்கிறது. மனச்சாட்சி இல்லாத, பேராசை பிடித்த சில அரசர்கள் தூண்டிவிட்டதால்தான் மக்கள் எழுந்தார்களாம். இளவரசர் டக்காரும் அந்தப் பேராசைக்காரர்களின் பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடுகிறார். சாகக் கிடக்கும் ஒரு மனிதனின் கடைசி வாக்குமூலத்தை எதிரியின் வக்கீல் உட்கார்ந்து திருத்தி எழுதியிருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பத்தியை வெட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, வெட்டியது ஒருநாள் தெரிந்துவிடும். இங்கே அவர் வாயிலேயே எதிர்ப்பக்கத்து வாதத்தை வைத்துவிட்டார்கள். காலனி நாட்டில் ஆங்கிலப் பள்ளியில் அந்தப் புத்தகத்தைப் பரிசாக வாங்கிய ஓர் இந்தியப் பையனை நினைத்துப் பாருங்கள். தன் நாட்டு இளவரசன் கடலடியில் அற்புதங்கள் செய்கிறான் என்று ஆசை ஆசையாகக் கடைசிப் பக்கங்களுக்கு வருகிறான். அங்கே அந்த இளவரசன் எழுந்ததே தப்பு என்று கதையே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. மூலத்துக்கு நேர்மையான புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் 2001இல்தான் வந்தன. படம் வந்ததற்கு இரண்டே ஆண்டுகள் முன்னால்.

ஹெட்சல் நாட்டை எடுத்தார். கிங்ஸ்டன் பதிப்பு நியாயத்தை எடுத்தது. டிஸ்னி படத்தில் நீமோ ஏதோ ஒரு கற்பனைத் தீவின் அடிமை முகாமிலிருந்து தப்பியவர் ஆனார். கோபம் இருந்தது, ஊர் இல்லை. 2003இல் ஊரைத் திரும்பக் கொடுத்தார்கள், தோலின் நிறத்தைக் கொடுத்தார்கள், நடிகரையும் நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை கோபத்தை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கையும் நீமோவைத் தொடும்போது அதே இடத்தில்தான் வலிக்காமல் ஊசி போடுகிறது. அதனால்தான் நசீர் நடித்தாரே என்ற பதில் எனக்குப் போதவில்லை.

காமிக்ஸ் திருப்பிக் கொடுத்தது

மூரும் ஓநீலும் 1999இல் தொடங்கிய காமிக்ஸில் இந்தக் கோபம் முழுசாக இருக்கிறது. இதையும் அப்பழுக்கில்லாத புத்தகம் என்று நான் சொல்ல வரவில்லை. மூரின் கதைகளில் பெண்கள்மேல் நடக்கும் பாலியல் வன்முறை திரும்பத் திரும்ப வரும். இதிலும் டிராகுலா நாவலிலிருந்து வந்த மினாவைக் கெய்ரோவில் முதல் அத்தியாயத்திலேயே அப்படி ஒரு நிலையில் நிறுத்துகிறார். அரபுகளையும் சீனர்களையும் பழைய நாவல்கள் எப்படிப் பார்த்தனவோ அப்படியே வரைந்திருப்பது, அந்தப் பார்வையைத் தோலுரிக்கத்தான் என்பது புரிகிறது. ஆனாலும் சில பக்கங்களில் தோலுரிப்பதற்கும் அனுபவிப்பதற்கும் நடுவே கோடு அழிந்துபோகிறது. அந்தப் பக்கங்களை இன்றும் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

ஆனால் நீமோவை அவர்கள் மதித்திருக்கிறார்கள். அவர் நல்லவராக இல்லை. ஆள் உயரத்துக்கு இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எதிரிகளைச் சல்லடையாக்கும்போது முகத்தில் ஒரு வெறி. பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் இருக்கும் ரகசியத் தலைமையகத்தில் நடந்துபோகும்போது அவர் அங்கே விருந்தாளியாகவும் இல்லை, வேலைக்காரராகவும் இல்லை. வயதாகிவிட்ட, சலிப்பு வந்துவிட்ட, சாகசத்தை விட்டால் வேறு எதுவும் மிச்சமில்லாத ஒரு மனிதர் பழைய எதிரியோடு ஒரு தற்காலிக ஒப்பந்தம் போட்டிருக்கிறார். அந்த ஒப்பந்தம் எப்போது முறியும் என்ற பதற்றம் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது.

முறியவும் செய்கிறது. படம் வந்த அதே 2003இல் முடிந்த இரண்டாம் தொகுதியில் செவ்வாய்க் கிரகத்தார் லண்டனைத் தாக்குகிறார்கள். தேம்ஸ் நதியை நீமோ காக்கிறார். அணியில் இருக்கும் ஹைட், டாக்டர் ஜெகிலின் மிருக வடிவம், பாலத்தின்மேல் பாட்டுப் பாடிக்கொண்டே மூன்றுகால் இயந்திரத்தை நோக்கிப் போய்ச் சாகிறான். அந்த நேரத்தில் அரசு தன் சொந்தத் திட்டத்தைச் செயல்படுத்துகிறது. ஆய்வகத்தில் உருவாக்கிய நோய்க்கிருமிகளைத் தென் லண்டன்மேல் வீசுகிறது. செவ்வாய்க்காரர்கள் சாகிறார்கள். அங்கே இருந்த மக்களும் சாகிறார்கள். அரசின் ஆள் கூசாமல் சொல்கிறான்: அதிகாரபூர்வமாகச் செவ்வாய்க்காரர்கள் ஜலதோஷத்தால் இறந்தார்கள், மனிதர்கள் செவ்வாய்க்காரர்களால் இறந்தார்கள். நீமோ வெடிக்கிறார். இனி என்னைத் தேடி வராதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விடுகிறார். 1857இல் தன் மக்களைக் கொன்றவர்கள் இப்போது அவர்களுடைய மக்களையே கொன்றுவிட்டு அறிக்கை எழுதுகிறார்கள் என்று கண்டுகொண்ட மனிதனின் முகம் அது. டக்காரின் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிய அந்த லண்டன் பதிப்புக்கு, இன்னோர் ஆங்கிலேயர் நூற்றிருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து எழுதிய பதிலாக நான் அந்தப் பக்கத்தைப் படிக்கிறேன்.

மினாவுக்கு நடந்ததும் இதே கதைதான். காமிக்ஸில் அணியின் தலைவி அவர். விவாகரத்து ஆன பெண், அந்தக் காலத்தில் அதுவே பெரிய அவப்பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துணி. இரண்டாம் தொகுதியில்தான் அது அவிழ்கிறது. நாம் எதிர்பார்க்கும் அழகான இரண்டு பல் தடங்கள் அங்கே இல்லை, கடித்துக் குதறிய தழும்பு இருக்கிறது. அவருக்கு எந்த அமானுஷ்ய சக்தியும் கிடையாது. ஹைட் உட்பட எல்லாரும் அவர் சொல்லுக்கு அடங்குவது, அவனைவிடக் கொடியதைப் பார்த்துவிட்டு உயிரோடு வந்தவர் என்பதால். படத்தில் தலைமை கானரிக்குப் போய்விட்டது. பதிலுக்கு மினாவை ரத்தக் காட்டேரியாக்கி, அணியின் இன்னோர் ஆளான டோரியன் கிரேயின் வீட்டுச் சண்டையில் ஒருவன் கழுத்தைக் கடிக்க விட்டார்கள். பார்க்க விறுவிறுப்புதான். சக்தியைக் கொடுத்துவிட்டுத் தழும்பை எடுத்துக்கொண்டார்கள். நீமோவுக்குக் கார் கொடுத்தது போலவே.

ஏன் இப்படி ஆனது

படம் எடுத்தவர்களை வில்லன்களாகப் பார்ப்பது எளிது. அவர்களுக்கும் நெருக்கடிகள் இருந்தன. மாயமனிதன் கிரிஃபினின் கதையை நாவலாக எழுதிய எச்.ஜி. வெல்ஸ் 1946இல் இறந்தவர். பிரிட்டனில் அவர் எழுத்துக்குக் காப்புரிமை 2016 வரை இருந்தது. அதனால் மூல நாவலின் கிரிஃபினைத் தொட முடியாமல், சூத்திரத்தைத் திருடிய ரோட்னி ஸ்கின்னர் என்ற வேறொரு மாயமனிதனை உருவாக்கினார்கள். அமெரிக்க ரசிகருக்கு ஓர் அமெரிக்கன் வேண்டும் என்று டாம் சாயர் வந்தான். பிராகில் படப்பிடிப்பு நடக்கும்போது 2002 ஆகஸ்ட் வெள்ளத்தில் செட்டுகள் பாழாயின. இயக்குநர் ஸ்டீபன் நாரிங்டனும் கானரியும் கடுமையாக முட்டிக்கொண்டார்கள். நாரிங்டன் அதற்குப் பிறகு ஒரு படமும் இயக்கவில்லை. கானரி நேரில் நடித்த கடைசிப் பெரிய படமும் அதுவே. வெளியான பிறகு வேறு இருவர், தங்கள் திரைக்கதையிலிருந்து கருவை எடுத்துவிட்டார்கள் என்று ஸ்டூடியோமேல் வழக்குப் போட்டார்கள். அதில் மூர் பத்து மணி நேரம் வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஸ்டூடியோ வெளியே பேசி முடித்துக்கொண்டது. தன் பக்கத்து உண்மையை நிறுவ வாய்ப்பே இல்லாமல் போனது மூரை மிகவும் நோகடித்தது. அதற்குப் பிறகு தன் கதைகளிலிருந்து எடுக்கும் படங்களில் தன் பெயரும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்.

இத்தனை நெருக்கடிகளில் ஒன்றுகூட நீமோவின் கோபத்தை எடுக்கச் சொல்லவில்லை என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். வெர்ன் இறந்தது 1905இல். காப்புரிமைச் சிக்கல் இல்லை. அதற்குத் தனி செட் வேண்டாம், கிராஃபிக்ஸ் வேண்டாம். குவாட்டர்மெய்ன் மகனைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதி போதும். நசீர் போன்ற ஒரு நடிகரிடம் நான்கு வரி கொடுத்திருந்தால் அவர் அந்தக் கப்பலையே வேறு கப்பலாக மாற்றியிருப்பார். பிரம்மாண்டத்துக்கு அவர்களிடம் ஏழு கோடியே எண்பது லட்சம் டாலர் இருந்தது. அந்த நான்கு வரியை யாரும் எழுதவில்லை.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க சொல்ற மாதிரி எடுத்தா அது ஆக்‌ஷன் படமா இருக்காதே, பாடம் நடத்தற மாதிரி ஆயிடுமே" என்பார் என்று எனக்குத் தெரியும். அப்படி ஆகாது. 2022இல் இந்தக் காமிக்ஸை மறுபடியும் படமாக்கும் முயற்சி தொடங்கியதாகச் செய்தி வந்தது. யார் எடுத்தாலும் நான் ஆசைப்படும் தொடக்கம் இதுதான்: மன்னார் கடல். தனியாக ஒரு படகு, கல்லோடு இறங்கும் ஒரு மனிதர், சுறா. கத்தியோடு நீமோ. சண்டையை எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எடுக்கட்டும், சுறாவை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் காட்டட்டும். முத்துப் பையைக் கொடுத்த பிறகு, நானும் அந்த நாட்டவன்தான் என்று அவர் சொல்லட்டும். அடுத்த காட்சியிலேயே லண்டனிலிருந்து அழைப்பு வரட்டும். அந்தக் கடிதத்தை அவர் படிக்கும்போது, போவாரா மாட்டாரா என்று அரங்கில் ஒருவர் விடாமல் கவலைப்படுவார்கள். போனால் எப்போது திரும்பித் தாக்குவார் என்று படம் முடியும் வரை கவலைப்படுவார்கள். நண்பர் கேட்கும் விறுவிறுப்பு அதைவிட வேறு எங்கே கிடைக்கும்?